செகண்ட் ஹேண்ட் சிறிய எஸ்யூவி: டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா?

நிலவன்

வணக்கம். ஒரே மாடலில் இரண்டு பழைய எஸ்யூவிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுப்பது என்று முடிவுக்கு வர முடியவில்லை, உதவுங்கள்.

முதல் வண்டி டூ வீல் டிரைவ். முன்சக்கரங்கள் இரண்டும்தான் இழுக்கும். 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உள்ளும் வெளியும் சுத்தமாக இருக்கிறது. மற்றது ஃபோர் வீல் டிரைவ். வயதில் மூன்று ஆண்டு மூத்தது. ஓட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கேட்கும் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் மண்பாதை. அதில் வளைவோடு சேர்ந்த ஓர் ஏற்றம் இருக்கிறது. காய்ந்த நாளில் எந்த வண்டியும் போகும். மழை பிடித்துக்கொண்டால் களிமண் வழுக்கும். இப்போதுள்ள சிறிய கார் அந்த வளைவில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்பாது. முன்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும்.

அம்மாவுக்குத் தொடர் சிகிச்சை நடக்கிறது. குறித்த நாளில், மழையோ வெயிலோ, மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். மற்றபடி என் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். அரைக் கிலோமீட்டருக்காக ஃபோர் வீல் டிரைவ் வாங்குவது சரியா?

வாணி

நிலவன், முதலில் டயரைப் பாருங்கள். மண்ணைத் தொடுவது அது ஒன்றுதான். புது டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 3, 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் களிமண் எளிதில் அடைத்துக்கொள்ளும். அதன்பின் வழவழப்பான ரப்பர்தான் உருளும். அந்த நிலையில் நான்கு சக்கரங்கள் இழுத்தால் நான்கும் சேர்ந்து வழுக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மழையில் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு இந்த நம்பிக்கை பயத்தைத் தருகிறது. நிற்கும் தூரம் அதனால் குறையாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. கூடுதல் எடை வேறு சேர்ந்துகொள்கிறது. கிளம்பவும் ஏறவும் அது கைகொடுக்கும், அவ்வளவே. நானும் மண்பாதையில் டூ வீல் டிரைவ்தான் ஓட்டுகிறேன். மண்ணுக்கேற்ற ஆல் டெரெய்ன் டயர் நான்கு போட்டால் அந்த இளைய வண்டியே போதும் என்பது என் கருத்து.

பல்சக்கரம்

தம்பி, ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஏற்றம் வீட்டைவிட்டுப் போகும்போதா, திரும்பும்போதா? வண்டியில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

நிலவன்

போகும்போதுதான் ஐயா. வீடு பள்ளத்தில் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் பின் இருக்கையில், சக்கர நாற்காலி டிக்கியில். எதிரே வண்டி வந்தால் அந்த வளைவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வேகம் பிடித்து ஒரே மூச்சில் ஏறும் வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

பல்சக்கரம்

அப்படியென்றால் வாணி சொன்ன டயர் விஷயத்தை அப்படியே ஏற்கிறேன், முடிவில் மாறுபடுகிறேன்.

ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும். பின் இருக்கையில் இருவர், டிக்கியில் நாற்காலி என்றால் இன்னும் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரத்தின்மேல் பாரம் குறைய, பிடிப்பும் குறைகிறது. பாரம் ஏறிய பின்சக்கரமோ டூ வீல் டிரைவில் சும்மா உருள்கிறது. முன்னோக்கி ஏற மறுக்கும் வண்டி சில ஏற்றங்களில் ரிவர்ஸில் ஏறிவிடுவது இதனால்தான். நின்று கிளம்ப வேண்டிய ஈர ஏற்றம், அதுவும் முழுப் பாரத்தோடு: ஃபோர் வீல் டிரைவ் தன் உழைப்பைக் காட்டுகிற இடம் இதுவே. தூரம் அரைக் கிலோமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். அந்த ஓரிடத்தில் நின்றுபோனால் அன்றைய சிகிச்சை போயிற்று.

ஆனால் ஃபோர் வீல் டிரைவிலும் வகைகள் உண்டு. சுசுகி ஜிம்னியில் லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்ளும். மெதுவாக, அதிக விசையோடு இழுக்க லோ ரேஞ்ச் கியரும் இருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. சிறிய எஸ்யூவிகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. வழக்கமாக முன்சக்கரம் இழுக்கும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலை ஒட்டி, கப்ளிங் என்ற கிளட்ச் தொகுதி இருக்கும். அது இறுகும்போதுதான் பின்சக்கரத்துக்கு விசை போகும்.

எப்போது இறுகுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1995ல் வந்த முதல் ஹோண்டா சிஆர்-வியில் இரண்டு ஆயில் பம்புகள். ஒன்று முன்சக்கர வேகத்திலும் மற்றது பின்சக்கர வேகத்திலும் சுற்றும். முன்சக்கரம் வழுக்கி வேகம் மாறுபட்டால்தான் அழுத்தம் உண்டாகிக் கிளட்ச் பிடிக்கும். முன்சக்கரம் வழுக்கிய பிறகு வரும் உதவி அது. பின்னால் வந்தவற்றில் கணினி கப்ளிங்கை இயக்குகிறது; பலவற்றில் கப்ளிங்கை இறுக்கியே வைக்க லாக் பொத்தானும் உண்டு. வண்டி நிற்கும்போதே அதை அழுத்திவிட்டால் முன்சக்கரம் குழி பறிப்பதற்குள் பின்சக்கரம் தள்ளத் தொடங்கிவிடும். வேகம் கூடினால் தானாக விலகும், பல வண்டிகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் வாக்கில். உங்கள் ஏற்றத்துக்கு அது போதும். நீங்கள் பார்த்த வண்டியில் லாக் இருக்கிறதா?

அருள்

லாக் இருந்தாலும் சரி, ஒரு லட்சம் தாண்டிய ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான் தயங்குவேன். முன்னால் விசையைப் பின்பக்கம் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் யூனிட், நடுவில் அதைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னால் கப்ளிங், டிஃபரன்ஷியல், இரண்டு ஆக்சில். ஒவ்வொன்றிலும் தேய ஒரு பேரிங், கசிய ஒரு சீல். டூ வீல் வண்டியில் இவை இல்லவே இல்லை, இல்லாதது கெடாது. எரிபொருளும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

டயர்ச் செலவையும் எண்ணிப் பாருங்கள். இந்த வண்டிகளுக்கு நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். சுபாரு நிறுவனம் நான்கின் சுற்றளவும் சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்கச் சொல்கிறது. பள்ளத்தின் ஆழத்தில் 1 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஒரு டயர் கிழிந்தால் பல சமயம் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் அடிப்பகுதி வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். முதல் தலைமுறை ரெனோ டஸ்டரில் டூ வீல் வண்டிக்குப் பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம். ஃபோர் வீல் வண்டிக்குத் தனித்தனியான சஸ்பென்ஷன். சவாரி பின்னதில் மேல், ஆனால் டிக்கி 475 லிட்டரிலிருந்து 410 ஆகச் சுருங்குகிறது. சக்கர நாற்காலியைக் கையோடு கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நிலவன்

நாற்காலி எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி அருள். லாக் பொத்தான் இருக்கிறது ஐயா. நாளை மறுபடி பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் சோதிக்கட்டும்?

பல்சக்கரம்

என்ஜின், பாடி எல்லாம் எந்த மெக்கானிக்கும் பார்ப்பார். நான் டிரைவை மட்டும் சொல்கிறேன்.

நான்கு டயர்களும் ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பிறகு வண்டியைத் தூக்கச் சொல்லி டிரான்ஸ்ஃபர் யூனிட், பின் டிஃபரன்ஷியல் இரண்டிலும் ஆயில் கசிவைத் தேடுங்கள். ஷாஃப்டைக் கையால் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது.

அடுத்ததுதான் முக்கியம். வண்டி நன்றாகச் சூடான பிறகு, காய்ந்த தரையில், லாக் போடாமல், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். இரண்டு பக்கமும். பின்னாலிருந்து முனகலோ, விட்டுவிட்டு அதிர்வோ, யாரோ பிடித்து இழுப்பது போன்ற தடையோ வந்தால் கப்ளிங் விலக வேண்டிய நேரத்தில் விலகவில்லை என்று பொருள். பழைய ஆயிலாக இருக்கலாம். ஒவ்வாத டயராக இருக்கலாம். கிளட்ச் தட்டுகளே கருகியிருக்கலாம்.

கடைசியாக, சரளைத் தரையில் லாக் போட்டுச் சட்டென்று கிளப்புங்கள். பக்கவாட்டில் தள்ளி நின்று ஒருவர் பார்க்கட்டும். பின்சக்கரமும் கல்லை வாரி வீச வேண்டும். லாக் விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்கேனர் வைத்துப் பதிவான பழுதுக் குறியீடுகளையும் எடுக்கச் சொல்லுங்கள்.

நிலவன்

பார்த்துவிட்டு வந்தேன். பின்சக்கரம் சரளையில் நன்றாகவே தள்ளியது. நாற்காலியும் நுழைந்தது. ஆனால் முன்னால் இரண்டும் புது டயர், பின்னால் இரண்டும் வேறு கம்பெனியின் தேய்ந்த டயர். வட்டமடித்தபோது முதலில் ஒன்றுமில்லை; சூடான பிறகு இடப்பக்கத் திருப்பத்தில் அதிர்வு தெளிவாகத் தெரிந்தது. கப்ளிங் ஆயில் மாற்றியதாக சர்வீஸ் பதிவில் எங்கும் இல்லை.

வாணி

அந்த வண்டியை விடுங்கள் என்றுதான் சொல்வேன். டூ வீல் வண்டியின் உரிமையாளரிடம் கேட்டு, மழை பெய்த மறுநாள் உங்கள் ஏற்றத்துக்கே கொண்டுவரச் செய்யுங்களேன். உங்கள் பாரத்தோடு, அதே வளைவில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். சேற்றில் சக்கரம் சுற்றும்போது டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ஜின் சக்தியைக் குறைத்து வண்டியை அப்படியே அமர்த்திவிடக்கூடும்; அதை அணைத்துவிட்டும் ஒருமுறை முயலுங்கள். மேலே ஏறியதும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

பல்சக்கரம்

நல்ல யோசனை. பழைய வண்டியின் உரிமையாளர் சம்மதித்தால் கப்ளிங் ஆயிலை இறக்கிப் பாருங்கள் தம்பி. ஆயில் இறக்கும் போல்ட்டின் காந்த முனையில் மாவு போலச் சாம்பல் நிறப் படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். துகள் கையில் உறுத்தினாலோ, ஆயில் கருத்துக் கருகிய வாடை அடித்தாலோ வேறு பேச்சே வேண்டாம். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் என்றால் நேர்ச்சாலையில் போகும்போதும் கப்ளிங்கில் வேக வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். அது எவ்வளவு காலமாக நடக்கிறதோ தெரியாது.

நிலவன்

இரண்டும் முடிந்தன. டூ வீல் வண்டி நிற்காமல் போனால் ஈரத்திலும் ஏறிவிட்டது. வளைவில் நிறுத்தியபின் கிளம்பவில்லை. டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்தும் பக்கவாட்டில்தான் நகர்ந்தது. அதன் டயர்கள் பாதி தேய்ந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியின் ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தது, துகளும் இருந்தது.

வாணி

பக்கவாட்டில் நகர்ந்தது என்றால், அம்மாவை வைத்துக்கொண்டு அந்த ஆபத்து வேண்டாம். புது டயர் போட்டால் முன்னேற்றம் இருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் வளைவில் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். நல்ல ஃபோர் வீல் வண்டியாகத் தேடுங்கள்.

நிலவன்

இரண்டையும் விட்டுவிட்டேன். அதே மாடலில் மூன்றாவதாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வந்திருக்கிறது. ஓட்டம் 80,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கும் ஒரே டயர், கப்ளிங் ஆயில் மாற்றிய ரசீது இருக்கிறது, சூடான பிறகும் இரண்டு பக்கமும் அமைதியாகத் திரும்பியது. இதை எடுக்கிறேன். ஸ்டெப்னி மட்டும் அளவில் சிறியதாக இருக்கிறது. பஞ்சரானால் அதைப் போட்டு ஓட்டலாமா?

பல்சக்கரம்

கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சில வண்டிகளில் எந்த ஆக்சிலில் போட வேண்டும் என்றே சொல்லியிருப்பார்கள். பொதுவாக, லாக் போடாமல், மெதுவாக, பஞ்சர் கடைவரை மட்டும் போகலாம். அதைப் போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏற வேண்டாம். வண்டி வழியில் நின்றுபோய் இழுக்க வந்தால், முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி லாரியின் மேல் ஏற்றச் சொல்லுங்கள். பின்சக்கரம் உருண்டால் கப்ளிங்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.