செக் எஞ்சின் லைட்: அழித்தால் 150 மைலில் திரும்ப வருகிறது (2002 எஃப்-150, 4.6 வி8)

பழையவண்டி02:
2002 ஃபோர்டு எஃப்-150, 4.6 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், 1,78,000 மைல். எரர் கோடு இரண்டு: பி0171, பி0174 (பேங்க் 1, பேங்க் 2, அதாவது வி8-இன் இரண்டு சிலிண்டர் வரிசையிலும் கலவை லீன்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு). ஸ்கேனரில் அழித்தால் 150 மைலுக்குள் லைட் மறுபடி எரிகிறது. கேஸ் கேப், ஏர் ஃபில்டர், முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் இரண்டும் மாற்றியாச்சு, பலன் இல்லை. எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பேங்க் 1 +22, பேங்க் 2 +23. ஷார்ட் டெர்ம் அதற்கு மேல் +7 வாக்கில் நிற்கிறது. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் மொத்தமே +6தான். ஓட்டும்போது இழுவை சரியாக இருக்கிறது, சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாக நடுங்குகிறது. அடுத்த மாதம் நியூ ஜெர்சி இன்ஸ்பெக்‌ஷன். எம்ஏஎஃப் சென்சாரை (உள்ளே போகும் காற்றை அளப்பது) மாற்றிவிடலாமா?

ஸ்பானர்செட்:
எம்ஏஎஃப் வாங்காதீங்க. நீங்க எழுதின எண்களிலேயே விடை இருக்கு.

ரெண்டு பேங்கும் ஒரே அளவுக்கு லீன் காட்டினா, கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கும். சென்சார் ரெண்டும் ஒரே நாளில் கெட்டுப்போறது அபூர்வம். அது எரியாத ஆக்ஸிஜன் மிச்சம் இருக்குன்னு உள்ளதைச் சொல்லுது, அவ்வளவுதான்.

இப்போ கணக்கைப் பாருங்க. 4.6 எஞ்சின் ஐடிலில் நொடிக்கு சுமார் 5 கிராம் காற்று இழுக்கும். எம்ஏஎஃப் பார்க்காம பின்வாசல் வழியா ஒன்றரை கிராம் நுழைஞ்சா அதுவே 30 சதவீதம். கம்ப்யூட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டித்தான் சமாளிக்கணும். 2,500 ஆர்பிஎம்மில் 15 கிராமுக்கு மேல் போகுது. ஓட்டை அதேதான், ஆனா அதோட பங்கு சிறுத்துப்போகுது, அதனால ட்ரிம் இறங்குது. இது வேக்குவம் லீக். எம்ஏஎஃப் அழுக்கா இருந்தாலோ, ஃப்யூல் பம்ப் தளர்ந்திருந்தாலோ தலைகீழா நடக்கும்: லோடு ஏற ஏற ட்ரிம் ஏறும்.

இந்த எஞ்சினில் முதல் சந்தேகம் பிசிவி (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடுற அமைப்பு) ஹோஸின் ரப்பர் எல்போ, அதாவது வளைவுத் துண்டு மேல. பேசஞ்சர் பக்க வால்வ் கவரிலிருந்து வர்ற ஹோஸ், இன்டேக்கின் பின்பக்கம், த்ராட்டில் பாடிக்குப் பின்னால போய்ச் சேருது. அங்கேதான் அந்த எல்போ. எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் ஊறிக் களிமண் மாதிரி ஆகிடும். கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கம். மேலேருந்து பார்த்தா புதுசு மாதிரி தெரியும், அதனாலதான் பலர் தவறவிடுறாங்க. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வெச்சுக் கீழே பாருங்க. ஐடிலில் ஓடும்போது எல்போவை விரலால அழுத்துங்க. சத்தமோ ஆர்பிஎம்மோ மாறினா வேற எதையும் தேட வேண்டாம்.

சிலர் கார்ப் க்ளீனர் அடிச்சு லீக் தேடுவாங்க. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். ஸ்மோக் மெஷின் (உள்ளே புகை விட்டு ஓட்டையைக் காட்டுறது) கிடைச்சா அதுவே நல்லது, 1 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க.

டீசல்தாத்தா:
எல்போ நன்றாக இருந்தால் அடுத்து இவை. பிரேக் பூஸ்டர் ஹோஸ்: பெடலை அழுத்திப் பிடிக்கும்போது ஐடில் மாறினால் அல்லது உஸ் என்ற சத்தம் கேட்டால் அதுதான். ஐஏசி வால்வ் (ஐடிலில் காற்றைக் கட்டுப்படுத்துவது) கேஸ்கெட். ஈவாப் பர்ஜ் வால்வ் (டேங்க்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடுவது) திறந்தபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, டேங்க் பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வ் வாயில் விரல் வையுங்கள். வால்வ் விரலை உறிஞ்சக் கூடாது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட் முறிந்திருந்தாலும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றிப் பொய்யாக லீன் காட்டும். ஆனால் அது பெரும்பாலும் ஒரே பேங்கில்தான் வரும். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம், சூடானதும் குறையும். உங்கள் வண்டிக்கு இது பொருந்தவில்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுத் தின்றுவிடும். ஓரமாக நிறுத்துங்கள்.

பழையவண்டி02:
எல்போதான். கண்ணாடியில் பார்த்தால் அடியில் ஒரு இன்ச் கிழிசல், தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டுகிறது. வீட்டில் ஹீட்டர் ஹோஸ் துண்டு இருக்கிறது, சைஸும் சரி. போடலாமா?

ஸ்பானர்செட்:
வேண்டாம். ஹீட்டர் ஹோஸ் பொதுவா இபிடிஎம் ரப்பர். கூலன்ட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. ஊதிப்போய் திரும்பவும் இதே இடத்துல நிப்பீங்க. தவிர, நேர் ஹோஸை அந்த வளைவுல திணிச்சா நடுவில் மடங்கும், வேக்குவம் அதை உறிஞ்சி ஒட்டவெச்சுடும். பிசிவிக்குன்னு விக்கிற வார்ப்பு எல்போவையே போடுங்க. பழசைக் கழற்றும்போது பிய்ஞ்ச ரப்பர் துணுக்கு எதுவும் இன்டேக்குக்குள்ள விழாம பார்த்துக்கோங்க. பிசிவி வால்வையும் கூடவே மாத்திடுங்க, விலை சொற்பம்.

மைல்கல்:
பொருத்திய பிறகு செய்ய வேண்டியது. எரர் கோடுகளை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (லைட் எரிந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பதிந்த எண்கள்) படம் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டு ஐடிலில் ட்ரிம் பாருங்கள். இரண்டும் ±5க்குள் வந்தால் நிம்மதி, ±10 வரை பொறுக்கலாம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் மட்டும் அழிக்காதீர்கள், பேட்டரி கேபிளையும் கழற்றாதீர்கள். ரெடினஸ் மானிட்டர்கள் (கம்ப்யூட்டர் தானே செய்யும் புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகள்) எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். 2001 மாடலிலிருந்து ஒரு மானிட்டர் மட்டுமே முடியாமல் இருக்கலாம், இரண்டு என்றால் திருப்பி அனுப்புவார்கள். கடைசிவரை இழுப்பது ஈவாப்தான். அதற்கு டேங்க் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வண்டி குறைந்தது 6 மணி நேரம் நின்று குளிர்ந்திருக்க வேண்டும். பாதி டேங்க்கோடு இரவு நிறுத்தி, காலையில் ஹைவேயில் சீரான வேகத்தில் ஓட்டி, ஸ்கேனரில் மானிட்டர் பக்கத்தைப் பாருங்கள். ஒரு மாதம் இருக்கிறது, தாராளமாகப் போதும்.