முருகேசன் கேட்டால் முரே கிடைக்கும்: குலச் சின்னப் பரிசு அனுபவங்கள்

குளிர்தேசன் (எடின்பரோ):
எங்கள் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றார். குடும்பப் பெயர் மக்லவுட். ஆளுக்குப் பத்து பவுண்டு போட்டோம்; பரிசு வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. ராயல் மைல் தெருவில் ஸ்காட்லாந்துக் குலச் சின்னங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தொப்பியில் குத்திக்கொள்ளும் வெள்ளீய ஊசி ஒன்று இருந்தது. நடுவில் காளைத் தலை, இரு பக்கமும் கொடிகள், சுற்றிலும் கொக்கி மாட்டிய இடுப்பு வார். வாரின் மேல் பொடி எழுத்தில் ‘இறுகப் பிடி’ என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருந்தார்கள்.

“அவருடைய குடும்பச் சின்னம் இதுதானே?” என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மையார் உதட்டைப் பிதுக்கினார். காளைத் தலை குலத்தலைவருக்கு உரியதாம். அவர் வார் இல்லாமல் அணியலாம். மற்றவர்கள் அணிந்தால் வார் கட்டாயம். ‘நான் இந்தத் தலைவரின் ஆள்’ என்பதற்கு அதுதான் அடையாளம். இது வெறும் சம்பிரதாயமும் இல்லை. ஸ்காட்லாந்தில் 1672இல் சட்டம் போட்டுச் சின்னங்களுக்குப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் சின்னத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டால், சின்ன விவகாரங்களுக்கென்றே அங்கே இருக்கும் லார்ட் லயன் நீதிமன்றம் வரை போகலாம்.

பரிசைப் பிரித்த மனிதர் முதலில் கொக்கியைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “நல்லவேளை, வாரோடு வாங்கினீர்கள். என்னைத் தலைவராக்கிவிடுவீர்களோ என்று பயந்தேன்” என்றார்.

அதே தெருவில் இன்னொரு கடையில், பெயரைத் தட்டினால் குடும்பச் சின்னத்தைப் பழுப்புத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும் கணினி இருந்தது. என் மனைவி விளையாட்டாக என் அப்பா பெயரைத் தட்டினாள். முருகேசன் அகப்படவில்லை. கடைப் பையன் கொஞ்சமும் அசராமல், “முரே இருக்கிறது, கிட்டத்தட்ட அதுதானே?” என்றான். இன்ஷியலை நம்பிப் பிழைக்கும் நமக்கு இதெல்லாம் தேவையா?

தேம்ஸ்கரை (லண்டன்):
நான் ஏமாந்தே போனேன். ஸ்மித் என்ற நண்பரின் திருமணத்துக்கு, ‘ஸ்மித் குடும்பச் சின்னம்’ என்று சட்டம் போட்ட படத்தை இணையத்தில் வாங்கிக் கொடுத்தேன். “எந்த ஸ்மித்துடையது?” என்று மாப்பிள்ளை சிரித்தார். இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. தனி ஒருவருக்கு வழங்கப்பட்டு, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போவது அது. 1484இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம் இன்றும் இதைக் கவனித்து வருகிறது. பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், படம் கழிப்பறைச் சுவரில் தொங்கியது. எனக்காக மாட்டினார்களா, என்னைக் கேலி செய்யவா, இன்றுவரை கேட்கவில்லை.

ஒசாகாவாசி (ஜப்பான்):
இங்கே இந்தக் கெடுபிடி இல்லை. குடும்பச் சின்னத்தை ‘கமோன்’ என்பார்கள், வட்டத்துக்குள் இலையோ பூவோ, பெரும்பாலும் ஒரே நிறம். சோறு கட்டும் ஃபுரோஷிகி துணியில்கூடப் போட்டுப் பரிசளிக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்பவரின் திருமணத்துக்கு முதல் நாள், வாடகைக்கு எடுத்த கறுப்பு கிமோனோ வந்து இறங்கியது. முறைப்படி ஐந்து இடங்களில் சின்னம் இருந்தது: முதுகில் ஒன்று, மார்பில் இரண்டு, கைகளின் பின்புறம் இரண்டு. ஐந்திலும் பவ்லோனியா என்ற மரத்தின் இலை. வாடகை உடைகளில் யாருக்கும் பொருந்தட்டும் என்று வழக்கமாகப் போடுவது அதுதான். மாப்பிள்ளையின் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “நம்முடையது ஓக் இலை அல்லவா?” என்றார். அவ்வளவுதான், வீடே பரபரத்தது. கடைக்காரர் ஓக் இலை அச்சடித்த ஒட்டுத்தாள்கள் ஐந்தைக் கொண்டுவந்து பழையவற்றின் மேல் ஒட்டிவிட்டுப் போனார்.

விருந்தின் பாதியில் வலது கையில் ஒட்டியிருந்தது கழன்று, சூப் கிண்ணத்தின் ஓரத்தில் விழுந்தது. மாப்பிள்ளை பாட்டி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் என் கையில் திணித்தார். இப்போது அது என் அலுவலக அடையாள அட்டையின் பின்னால் ஒட்டியிருக்கிறது.