பால்–ஸ்ட்ரைக் ‘சேலஞ்ச்’: ‘மறுவளவை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பேஸ்பாலில் மட்டையாளர் அடிக்காமல் விட்ட பந்து அவர் முன்னுள்ள ஒரு கற்பனைக் கட்டத்தைத் தொட்டால் ‘ஸ்ட்ரைக்’, விலகிச் சென்றால் ‘பால்’. மூன்று ஸ்ட்ரைக்கில் அவர் வெளியேறுவார், நான்கு பாலில் முதல் தளத்துக்குப் போவார். நடுவர் சொன்ன ‘பால்’ அல்லது ‘ஸ்ட்ரைக்’ முடிவை ஏற்காத ஆட்டக்காரர் தம் தொப்பியையோ தலைக்கவசத்தையோ தட்டிக் காட்டும் செயலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை சவால், அறைகூவல், முறையீடு, மறுஆய்வு ஆகிய நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ‘சேலஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு நேர்ச்சொல் தேடியதால்தான் நான்கும் சற்று விலகி நிற்கின்றன என்று நினைக்கிறேன். களத்தில் நடப்பதை முதலில் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் இந்த முறையை 2026 பருவத்திலிருந்து கொண்டுவர 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. ஒவ்வோர் அணிக்கும் ஆட்டத் தொடக்கத்தில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. கேட்டது சரியென்றால் வாய்ப்பு கையிலேயே தங்கும், தவறென்றால் போய்விடும். மட்டையாளர், எறிவாளர், அவர் எறிவதைப் பிடிக்கும் கேட்சர் ஆகிய மூவர் மட்டுமே கேட்கலாம்; அதையும் பயிற்சியாளரின் சைகைக்குக் காத்திராமல் உடனே கேட்டாக வேண்டும். கேட்டவுடன், மைதானத்தைச் சுற்றியுள்ள கேமராக்கள் பதிவுசெய்த பந்தின் பாதை பெரிய திரையில் ஓடுகிறது. ஸ்ட்ரைக் கட்டம் 17 அங்குல அகலம். மேல் எல்லை மட்டையாளரின் உயரத்தில் 53.5 விழுக்காடு, கீழ் எல்லை 27 விழுக்காடு. ஆறடி உயரமுள்ளவருக்குக் கணக்கிட்டால் தரையிலிருந்து ஏறத்தாழ 38.5 அங்குலம் முதல் 19.4 அங்குலம் வரை. பந்தின் விளிம்பு அந்தக் கட்டத்தை மயிரிழை தொட்டாலும் அது ஸ்ட்ரைக். கிரிக்கெட்டின் எல்.பி.டபிள்யூ. மறுஆய்வில் பந்து ஸ்டம்பின் ஓரத்தை மட்டும் உரசிச் செல்வதாகத் தெரிந்தால் களநடுவரின் முடிவே நிற்கும். இங்கே அந்தச் சலுகை இல்லை. கருவி சொன்னதுதான் முடிவு.

2025 ஜூலை 15 அன்று அட்லாண்டாவில், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்க லீக், தேசிய லீக் ஆகியவற்றின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதிய ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இந்த முறையைச் சோதனையாகப் பயன்படுத்தினார்கள். முதல் இன்னிங்ஸில் அமெரிக்க லீக்கின் எறிவாளர் டாரிக் ஸ்கூபல், தேசிய லீக்கின் மேனி மச்சாடோவுக்கு இரண்டு ஸ்ட்ரைக்குகள் எறிந்த பின் மூன்றாவது பந்தைக் கீழ் விளிம்பில் இறக்கினார். நடுவர் பால் என்றார். கேட்சர் கால் ராலி உடனே மறுத்தார், திரையில் பந்து கட்டத்தைத் தொட்டது தெரிந்தது, மச்சாடோ வெளியேறினார். அன்று கேட்ட ஐந்தில் நான்கு வென்றன. நான் ஆதரித்த தேசிய லீக், ஒரு கட்டத்தில் 6–0 என்று முன்னிலையில் இருந்தும், ஒன்பதாவது இன்னிங்ஸில் 6–6 என்று சமனுக்கு வந்துவிட்டது. அப்போது எங்கள் எறிவாளர் எட்வின் டியாஸ் ராண்டி அரோசரேனாவுக்கு எறிந்த பந்தும் இப்படியே கேட்டுப் பெற்ற ஸ்ட்ரைக்காக மாறி, அந்த இன்னிங்ஸை முடித்துவைத்தது. பிறகு அணிக்கு மூன்று மட்டையாளர்கள், ஆளுக்கு மூன்று மட்டைவீச்சு என்று, பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் போட்டியில் எங்கள் கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சிலும் ஹோம் ரன் அடிக்க, தேசிய லீக் 4–3 என்று வென்றது. ஷ்வார்பரைக் கொண்டாடிய பலர் அந்த ஒரு பந்தை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். அந்த வருத்தத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் இல்லாமல் கை நின்றது.

இனி, வந்த சொற்கள். ‘சவால்’ எல்லோருக்கும் புரியும். ஆனால் தமிழில் சவால் விடுவது எதிராளியை நோக்கியது, வீரம் பேசுவது. ‘ராலி நடுவருக்குச் சவால் விட்டார்’ என்று எழுதினால் சண்டை நடந்ததாகத் தோன்றும். நடுவரோ கோபமின்றித் தாமே அதை அறிவித்து, திரையைப் பார்த்து முடிவை மாற்றிச் சொல்கிறார். ‘அறைகூவல்’ இதே குறையை இன்னும் உரக்கச் சொல்கிறது.

‘முறையீடு’ நல்ல சொல். அதை நாம் இழக்கக் கூடாது என்பதற்காகவே இங்கே வேண்டாம் என்கிறேன். மட்டையாளர் மட்டையை முழுதாகச் சுழற்றினாரா, பாதியில் நிறுத்தினாரா என்ற ஐயம் வரும்போது கேட்சர் ஓரத்து நடுவரை நோக்கி விரல் நீட்டிக் கேட்கிறார் அல்லவா, அதற்கு விதிநூலிலேயே ‘அப்பீல்’ என்ற வேறு பெயர் உண்டு. ஒரு நடுவரிடமிருந்து இன்னொரு நடுவரிடம் போவதால் முறையீடு என்ற சொல் அதற்கே உரியது. ‘மறுஆய்வு’ என்பதும் இப்படித்தான்: 2014 முதல் அணி மேலாளர்கள், ஓட்டக்காரர் ஆட்டமிழந்தாரா என்பது போன்ற முடிவுகளைக் காணொளி பார்த்துத் திருத்தக் கேட்டு வருகிறார்கள். அங்கே மனிதர்கள் படத்தை ஆராய்ந்து முடிவெடுக்கிறார்கள். ஆகவே ஆய்வு என்பது அதற்குத் தகும்.

நாம் பெயர் தேடும் செயலில் யாரும் ஆராய்வதில்லை. பந்து எங்கே போனது என்று அளக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே ‘மறுவளவை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நில அளவையில் எல்லைத் தகராறு வந்தால் மறு அளவை கேட்பது நம் ஊர்களில் பழகிய வழக்கம். அங்கும் பக்கத்து வயல்காரரோடு சண்டையிடாமல் சங்கிலியை இழுத்துப் பார்க்கச் சொல்கிறோம். தமிழ்த் தருக்க நூல்கள் உண்மையை அறியும் வழிக்கு அளவை என்றே பெயரிட்டிருப்பதும் இச்சொல்லுக்கு வலு சேர்க்கிறது.

‘மறு’ என்றால் முன்பே ஒருமுறை அளந்திருக்க வேண்டுமே, நடுவர் எங்கே அளந்தார் என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். அளந்தார், கண்ணால் அளந்தார். அதற்குக் கண்ணளவு என்ற அருமையான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நடுவருடையது கண்ணளவு, ஆட்டக்காரர் கேட்பது மறுவளவை. இந்த இணையில் நடுவரை இழிவுபடுத்தும் தொனி இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புதுச்சொல் உத்தியைப் பற்றிப் பேசும்போதும் தாங்குமா என்று பார்த்தேன். 2025 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் கேட்ட 1,182 மறுவளவைகளில் 617 வென்றன. கேட்சர்கள் 56 விழுக்காடும், மட்டையாளர்கள் 50 விழுக்காடும், எறிவாளர்கள் 41 விழுக்காடும் வென்றார்கள். கட்டத்தின் நேர் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கண்ணளவே துல்லியமானது. எறிந்த வேகத்தில் உடல் சாய்ந்து நிற்கும் எறிவாளர் தம் பந்தைத் தாமே நம்பி ஏமாறுகிறார். ஆகவே, எறிவாளர் மறுவளவை கேட்பதைத் தவிர்த்துக் கேட்சரிடம் விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. அதேபோல் முதல் இன்னிங்ஸில், தளங்களில் ஆள் இல்லாதபோது, முதல் பந்துக்கே மறுவளவையை இழப்பது வீண். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று நிற்கும்போது ஒரே பந்து மட்டையாளரை முதல் தளத்துக்கும் அனுப்பும், வெளியேயும் அனுப்பும் என்பதால் அங்கே ஐயம் பாதியிருந்தாலும் கேட்டுவிடலாம். இவ்வளவையும் எழுதி முடித்தபோது சொல் எங்கும் இடறவில்லை.

எழுத்து வடிவம் பற்றி ஒன்று. தனிக்குறிலை அடுத்த உகரம் முற்றியலுகரம் ஆதலால் மறு + அளவை என்பது வகர உடம்படுமெய் பெற்று மறுவளவை என்றே புணரும். திரையில் ஓடும் எழுத்துகளுக்கு ‘மறு அளவை’ என்று பிரித்து எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. ‘மறுஅளவை’ என்று இடைவெளியின்றி உயிரை நடுவில் நிறுத்துவதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்.

சொற்பட்டியலில் சேர்ப்பதற்கான வரைவு இது. மறுவளவை: பேஸ்பாலில் பால் அல்லது ஸ்ட்ரைக் என்ற நடுவரின் கண்ணளவை ஏற்காமல், மட்டையாளரோ எறிவாளரோ கேட்சரோ கருவியால் அளக்கக் கேட்டல், அவ்வாறு கேட்க அணிக்குள்ள வாய்ப்பு. வினை: மறுவளவை கேள். வழக்குகள்: மறுவளவை வென்றது, மறுவளவை இழந்தது, ஒரு மறுவளவை மீதமுள்ளது. ஒன்பது இன்னிங்ஸுக்குப் பின், கையில் எதுவும் இல்லாத அணிக்கு ஒவ்வொரு கூடுதல் இன்னிங்ஸிலும் தரப்படும் ஒன்றைக் ‘கொடை மறுவளவை’ என்று குறித்திருக்கிறேன். ‘கொடை’ என்பதில் எனக்கே முழு நிறைவில்லை. அதைவிடப் பொருத்தமான அடைமொழி தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.