மறு: வாக்குச்சீட்டில் வரும் திருத்த வாசகத்துக்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களே,

டெக்சஸ் தமிழ் வாக்காளர்களுக்கான துண்டறிக்கையில் ஆங்கிலத் தேர்தல் சொற்களுக்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்று வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். வாக்குக்கு வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் குறிக்கும் 'ப்ரொபொசிஷ'னுக்குப் 'பொதுவாக்கெடுப்பு' வேண்டாம். அது வாக்கெடுப்பு முழுவதற்கும் ஆன பெயர். 2023 நவம்பரில் ஒரே நாளில் மாநில அரசமைப்புக்கான 14 திருத்தங்கள் வாக்குக்கு வந்தன. 'திருத்த முன்மொழிவு 4' என்றாலே போதும். சட்டமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிகின்றன. மக்கள் முடிவு செய்கிறார்கள்.

சிக்கல் அடுத்த சொல்லில்தான். திருத்தத்தின் முழு உரை வாக்குச்சீட்டில் வராது. அதை விவரிக்கும் ஒரு வாசகம் மட்டுமே வரும். அதையும் சட்டமன்றமே எழுதித் தருகிறது. 2023இன் 4ஆம் முன்மொழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் சொந்த வீட்டுக்குப் பள்ளிகளுக்கான சொத்து வரியில் இருந்த விலக்கை 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்துவது அதில் ஒரு பகுதி. மற்ற சொத்துகளின் மதிப்பீட்டுக்குத் தற்காலிக வரம்பு, முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வரி உச்சவரம்பில் மாற்றம், அரசின் செலவு வளர்ச்சிக் கட்டுப்பாட்டிலிருந்து வரிக்குறைப்புச் செலவுக்கு விலக்கு, கடைசியில் சொத்து மதிப்பைக் கணிக்கும் சில மதிப்பீட்டு மாவட்டங்களின் இயக்குநர்களுக்கு நான்காண்டுப் பதவிக்காலம். எல்லாம் ஒரே வாக்கியத்தில்! ஐந்துக்கும் சேர்த்து ஒரே வாக்கு.

சீட்டில் வரும் இந்த வாசகத்துக்கு 'விளக்கக் குறிப்பு' என்று பெயர் வைப்பது தவறாகப் போகும். மாநிலச் செயலர் நாளிதழ்களில் வெளியிடும் விளக்கம் தனி. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், சீட்டில் படித்ததே விளக்கம் என்று வாக்காளர் நம்பிவிடுவார். 'வாக்கு வினா'வும் பொருந்தாது. டெக்சஸ் சீட்டில் கேள்வியே இருக்காது. 'சீட்டுவரி' சுருக்கமான சொல்தான். ஆனால் சொத்து வரி பற்றிய திருத்தங்களுக்கு நடுவே அதைப் படிப்பவர், புது வரி ஒன்று வந்துவிட்டதோ என்று பயந்துபோவார்.

என் பரிந்துரை: சீட்டு வாசகம்.

அந்த ஆண்டு வாக்களித்தவர்கள், பதிவு செய்தவர்களில் 100க்குச் சுமார் 14 பேர். இவ்வளவு சிலர் சேர்ந்து அரசமைப்பையே மாற்றுகிறார்கள் என்றால், அவர்கள் ஒவ்வொருவரும் எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரிந்து வாக்களிக்க வேண்டும். சாவடிக்குள் கைபேசியைப் பயன்படுத்த முடியாது. அச்சிட்ட தாளைக் கொண்டுபோகலாம். அதனால் தாளின் இடப்பக்கம் சீட்டு வாசகம், வலப்பக்கம் அதனால் உண்மையில் எது மாறுகிறது என்பது. இப்படித்தான் அமைக்க நினைக்கிறேன்.

*

மறுமொழி:

ஐயா, 'சீட்டு' என்றதும் நம் மக்களுக்கு ஏலச்சீட்டுதான் நினைவுக்கு வரும். முதல் தடவை 'வாக்குச்சீட்டு வாசகம்' என்று முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்குங்கள். மற்றபடி எனக்குச் சம்மதம். வாக்காளர் தெரிவு செய்யும் இடத்தில் 'ஆம், இல்லை' வேண்டாம். சீட்டில் உள்ளபடியே 'ஆதரவு, எதிர்ப்பு' என்று இருக்கட்டும்.

4க்குப் பக்கத்தில் 13ஐயும் எடுத்துக்காட்டாகப் போடலாம். நீதிபதிகளின் ஓய்வு வயதை உயர்த்துவது, அவ்வளவுதான்; படித்த உடனே புரியும். அந்த 14இல் தோற்றது அது ஒன்றுதான்.