மின்நிலையப் பராமரிப்பிலிருந்து ஆற்றல்துறைக் காப்பீட்டுக்கு மாற எந்தப் பயிற்சி உதவும்?

கேள்வி: டெல்டா மெக்கானிக்கல்

அனைவருக்கும் வணக்கம். நான் இயந்திரவியல் பட்டதாரி. காவிரிப் படுகை எரிவாயுவில் இயங்கும் கூட்டுச் சுழற்சி மின்நிலையம் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு எங்கள் வாயு டர்பைனில் முதல் வரிசை பிளேடு ஒன்று முறிந்து, பின்னால் இருந்த வரிசைகளையும் சிதைத்துவிட்டது. எம்.பி. பாலிசி எனப்படும் இயந்திரப் பழுதுக் காப்பீடு நடப்பில் இருந்தும், செலவில் ஏறத்தாழப் பாதிதான் கிளைமாகக் கிடைத்தது.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து விசாரித்த அறையில் நானும் இருந்தேன். இதே திறனுள்ள இயந்திரத்தை இன்று புதிதாக வாங்கி நிறுவ எவ்வளவு ஆகும், முறிந்த பிளேடுகள் எத்தனை சமான இயங்கு மணிநேரம் (தொடக்க நிறுத்தங்களையும் மணிநேரமாக மாற்றிச் சேர்த்த கணக்கு) ஓடியிருந்தன, இயந்திரத்தின் உள்ளே மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்க்கும் போரோஸ்கோப் ஆய்வில் கடைசியாகக் குறித்திருந்த கீறலுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அவர் கேட்டார். கேள்விகள் அனைத்தும் எங்கள் அன்றாட வேலையைப் பற்றியவை. இருந்தும், அவற்றின் பின்னால் இருந்த கணக்கு எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

இத்துறையை முறையாகக் கற்று, இயன்றால் காப்பீட்டாளர்களுக்காக ஆலைகளை ஆய்வு செய்யும் ரிஸ்க் இன்ஜினியராக மாற விரும்புகிறேன். மும்பை இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் தேர்வுகள், லண்டன் காப்பீட்டுக் கல்வி அமைப்பான சி.ஐ.ஐ., பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் தேர்வு அமைப்பான நெபோஷ், சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் ஓராண்டுத் தொழிற்பாதுகாப்புப் பட்டயம், துபாயிலும் மும்பையிலும் ஒரு வாரத்துக்குள் முடியும் ஆற்றல்துறைக் காப்பீட்டு வகுப்புகள் என்று பல வழிகள் தென்படுகின்றன. கடைசியாகச் சொன்ன வகுப்புகளின் கட்டணம் மிக அதிகம். எங்கள் நிர்வாகம் ஏதேனும் ஒன்றுக்குப் பணம் கட்ட இசைந்திருக்கிறது. எதில் தொடங்குவது சரி?

பதில்: வடசென்னை சர்வேயர்

ஆவணங்களைப் பார்க்காமல் உங்கள் கிளைமைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையன்று. ஆனால் அந்த மூன்று கேள்விகள் ஏன் கேட்கப்பட்டன என்பதை விளக்க முடியும். நீங்கள் கற்க வேண்டிய பாடத்தின் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது.

முதல் கேள்வி காப்பீட்டுத் தொகையைப் பற்றியது. இயந்திரப் பழுதுப் பாலிசியில் அத்தொகை, அதே வகையும் திறனும் கொண்ட புதிய இயந்திரத்தின் இன்றைய விலையாக, கப்பல் கூலி, சுங்க வரி, நிறுவும் செலவு எல்லாம் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள பழைய மதிப்பையே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, இன்றைய விலை 200 கோடி ரூபாய், காப்பீடு செய்தது 150 கோடி, சேதம் 40 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் குறைத்தால் 30 கோடிதான் கணக்கில் நிற்கும். அதிலிருந்து நிறுவனம் தானே ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகையும் கழியும்.

இரண்டாவது கேள்வி, வெப்பப் பாதையில் உள்ள உதிரிபாகங்களின் எஞ்சிய ஆயுளைப் பற்றியது. வாயு டர்பைனுக்கான பாலிசிகளில் இப்பாகங்களுக்கு இயங்கிய மணிநேரத்தை வைத்துத் தேய்மானம் கழிக்கும் விதி பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்கும். 48,000 மணிநேர ஆயுள் கொண்ட பிளேடு 36,000 மணிநேரம் ஓடிய பின் முறிந்தால், அதன் விலையில் கால் பங்கைத்தான் எதிர்பார்க்கலாம். மூன்றாவது கேள்வியே மிகக் கடுமையானது. பாலிசி தொடங்கும்போதே தெரிந்திருந்த குறைபாடும், நாளடைவில் ஏற்படும் தேய்வும் காப்புக்குள் வருவதில்லை. ஆகவே போரோஸ்கோப் அறிக்கையில் கீறல் என்று எழுதி, அதன்கீழ் உற்பத்தியாளரின் கருத்தோ கண்காணிப்புத் திட்டமோ இல்லாமல் விட்டிருந்தால், சேதத்துக்குப் பிறகு எழுதப்படும் எந்த விளக்கமும் எடுபடாது.

இவற்றைக் கற்க இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் பாடங்களே குறைந்த செலவில் கிடைக்கும் உறுதியான தொடக்கம். லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என்று மூன்று படிகள் உண்டு. உங்களைப் போன்றவர் பொறியியல் காப்பீட்டுக்கான ஐ.சி.77, தீ மற்றும் தொடர்விளைவு இழப்புக்கான ஐ.சி.57 ஆகிய இரண்டையும் முதலில் எடுத்துவிட்டு, பிறகு மறுகாப்பீட்டுக்கான (காப்பீட்டாளர் தாமே எடுக்கும் காப்பீடு) ஐ.சி.85, இடர் மேலாண்மைக்கான ஐ.சி.86 ஆகியவற்றுக்குச் செல்லலாம். வேலையை விட வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே படிக்கலாம். பொறியியல் பட்டம் இருப்பதால், உரிய பயிற்சிக் காலமும் தேர்வும் முடித்து சர்வேயர் உரிமம் பெறும் வழியும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. அனுபவமுள்ள சர்வேயரிடம் பயிற்சியாளராக இருந்து, எரிந்த ஸ்விட்ச்யார்டில் நின்று குறிப்பெடுக்கும் ஒரு நாளுக்கு எந்த வகுப்பும் ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

பதில்: வளைகுடா ரிஸ்க் இன்ஜினியர்

மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது சேதம் நடந்த பிறகு நடக்கும் வேலை. நீங்கள் விரும்புவது சேதத்துக்கு முன் ஆலைக்குள் சென்று, இங்கே நடக்கக்கூடிய மிகப்பெரிய இழப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்லும் பணி. அதற்குப் பாலிசி வாசகத்தோடு, ஆலையின் செயல்முறையில் கசிவும் தீயும் வெடிப்பும் நேராமல் காக்கும் செயல்முறைப் பாதுகாப்பும் வேண்டும். நெபோஷின் பொதுச் சான்றிதழ் தொழிலாளர் பாதுகாப்பையே மையமாகக் கொண்டது. தலைக்கவசமும் ஏணியும் குறித்த அறிவு முக்கியம்தான் என்றாலும், எங்கள் அறிக்கையின் மையம் அதுவன்று. ஹேசாப் (செயல்முறையில் எங்கே என்ன பிசகலாம் என்று தேடும் ஆய்வு), லோபா (பாதுகாப்பு அடுக்குகள் போதுமா என்று பார்க்கும் ஆய்வு), அரிப்பு மேலாண்மை, தீயணைப்பு நீர்க் கணக்கு ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சியைத் தேடுங்கள். நெபோஷிலேயே செயல்முறைப் பாதுகாப்புக்குத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. நீண்ட படிப்புக்கு நேரம் ஒதுக்க முடிந்தால், திருச்சி என்.ஐ.டி.யில் தொழிற்பாதுகாப்புப் பொறியியலில் எம்.டெக். உண்டு.

எங்கள் பணி எப்படிப்பட்டது என்பதற்கு, 2019 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததை நான் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. ஹைட்ரஜன் ஃப்ளூரைடைப் பயன்படுத்திப் பெட்ரோலில் கலக்கும் பொருளைத் தயாரிக்கும் ஆல்கைலேஷன் பிரிவில் ஒரு குழாய் முழங்கை வெடித்துத் திறந்தது. அது 1970-களில் பொருத்தப்பட்டது. அந்த எஃகில் நிக்கலும் செம்பும் அதிகம் இருந்ததால், அதே வரிசையில் இருந்த மற்றக் குழாய்களைவிட வேகமாக அரித்து, முறிந்த இடத்தில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிமனே எஞ்சியிருந்தது. தடிமன் அளக்கும் இடங்களின் பட்டியலில் அந்த முழங்கை இல்லை. அடுத்தடுத்த வெடிப்புகளில் 17 டன் எடையுள்ள அழுத்தக்கலத்தின் துண்டு ஒன்று ஸ்கூல்கில் ஆற்றைத் தாண்டிப் போய் விழுந்தது. ஆலை மறுபடி இயங்கவே இல்லை. ஆகவே தடிமன் அறிக்கையைக் கையில் எடுக்கும் ரிஸ்க் இன்ஜினியர், அளந்த இடங்களின் எண்களைப் பார்ப்பதோடு நிற்காமல், அளக்காத இடங்கள் எவை, ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். பராமரிப்பில் இருந்து வரும் உங்களுக்கு இக்கேள்வி இயல்பாகவே வரும். அதுவே உங்கள் முதலீடு.

அடுத்தது இழப்பு மதிப்பீடு. எரியக்கூடிய ஆவி எவ்வளவு வெளியேறலாம், அது பற்றினால் வெடிப்பழுத்தம் எத்தனை மீட்டர் வரை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு, ஆலை வரைபடத்தின் மீது வளையங்களாக வரைந்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் உள்ள சொத்தின் மதிப்பைக் கூட்டுவோம். கட்டுப்பாட்டு அறை அந்த வளையத்துக்குள் இருந்தால் தொகை ஒரேயடியாக உயரும். காப்பீட்டாளர் எவ்வளவு பங்கு ஏற்பார் என்பதை இந்த எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பதில்: முன்னாள் அண்டர்ரைட்டர்

பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் பொறியியல் பிரிவில், எந்த இடரை எந்த நிபந்தனையில் ஏற்பது என்று முடிவெடுக்கும் அண்டர்ரைட்டராக நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில், இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது வருவாய் இழப்புக் காப்பீடு. ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எரிந்தால், அதன் விலையைவிட, புதியது வந்து சேரும்வரை நிலையம் நின்றுகிடக்கும் இழப்பு பல மடங்கு ஆகலாம். புதியது வர ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. அப்படியிருக்க, வருவாய் இழப்பு ஈடுசெய்யப்படும் இழப்பீட்டுக் காலத்தை ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்ட பாலிசிகளை நான் கண்டிருக்கிறேன்.

மின்நிலையத்தில் இக்கணக்கு மற்ற தொழிற்சாலைகளைப் போன்றதன்று. நீண்டகால ஒப்பந்தத்தின்கீழ் மின்சாரம் விற்கும் நிலையத்துக்கு நிலைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் என்று இரண்டு வகை வருவாய் உண்டு. நிலைக் கட்டணம் முழுமையாகக் கிடைப்பது, ஆண்டில் நிலையம் எவ்வளவு காலம் தயாராக இருந்தது என்பதைப் பொறுத்தது. அதற்குத் தேவையான தயார்நிலை அளவை, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் அனல்மின் நிலையங்களுக்குப் பொதுவாக 85 விழுக்காடு என்று வைத்திருக்கிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்த நிறுத்தத்தைப் பின்னர் நன்றாக இயங்கி ஓரளவு ஈடுகட்டிவிட முடியும் என்பதால், உண்மையான இழப்பை ஆண்டு முடிவில்தான் சரியாகச் சொல்ல முடியும். நீங்கள் சேரும் பயிற்சியில் மின் கொள்முதல் ஒப்பந்தத்தையும் பாலிசியையும் அருகருகே வைத்துப் படிக்கும் பாடம் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

கட்டுமானத்தில் உள்ள மின்நிலையத் திட்டங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால், வடிவமைப்புக் குறைபாட்டுக்கான லண்டன் விதிகளான லெக் 2, லெக் 3 ஆகியவற்றின் வேறுபாட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். சேதத்துக்கு ஒரு கணம் முன்பு குறையைச் சரிசெய்திருந்தால் ஆகியிருக்கும் செலவை லெக் 2 விலக்குகிறது. லெக் 3, பழையதைவிட மேம்பட்டதாக மாற்ற ஆகும் கூடுதல் செலவை மட்டுமே விலக்குகிறது. ஒரே சேதத்தில் இரண்டுக்கும் இடையே பல கோடி வேறுபடும்.

மறுமொழி: டெல்டா மெக்கானிக்கல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தேர்வுகளுக்கு என் சொந்தச் செலவிலேயே பதிவு செய்துவிடுகிறேன். நிர்வாகத்தின் பணத்தைக் குறுகியகால வகுப்புக்குப் பயன்படுத்துவது தகுமா என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. கடல்சார் எண்ணெய்த் துறையின் காப்பீடும் அதில் அடங்கும் என்கிறார்கள்; நிலத்தில் உள்ள எனக்கு அது பயன்படுமா?

பதில்: வளைகுடா ரிஸ்க் இன்ஜினியர்

பயன்படும், அதைப் பயிற்சியாக நடத்தினால். 2005 ஜூலை 27 அன்று அரபிக் கடலில் உள்ள மும்பை ஹை வடக்கு எண்ணெய் எடுப்பு மேடையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வெட்டுப்பட்ட சமையல்காரர் ஒருவரைச் சிகிச்சைக்காக மேடைக்கு ஏற்றுவதற்கு சமுத்ர சுரக்ஷா என்ற ஆதரவுக் கப்பல் அருகே வந்தது. பருவமழைக் கடலில் அது மேடையின் எரிவாயு ரைசர் (கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் குழாய்) மீது மோத, கசிந்த வாயு பற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே இல்லாமல் போனது. 22 பேர் உயிரிழந்தனர். 362 பேர் மீட்கப்பட்டனர். நல்ல பயிற்சியாளர் இந்நிகழ்வைக் கொடுத்து, மேடையின் சொத்து இழப்பு, கப்பலுக்கான காப்பீடு, மூன்றாம் தரப்புப் பொறுப்பு, சிதைவை அகற்றும் செலவு, உற்பத்தி இழப்பு ஆகிய ஒவ்வொன்றும் எந்தப் பாலிசியில் விழும், ஒப்பந்தத்தில் யார் எதை ஏற்றிருந்தார் என்று பங்கேற்பாளர்களையே பிரித்து எழுதச் சொல்வார். ரைசர் ஏன் கப்பல் ஒதுங்கும் பக்கத்தில் இருந்தது என்ற கேள்வி அங்கே தானாக எழும். நிலத்திலும் இதே கேள்விதான்: உங்கள் எரிவாயுக் குழாய்க்கு அருகே கனரக வாகனம் திரும்பும் இடம் எது?

ஆகவே பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். உண்மையான பாலிசி வாசகத்தை முழுமையாகத் தருவீர்களா, பங்கேற்பாளர் தம் கையால் இழப்பு மதிப்பீடு செய்வாரா, பாடம் நடத்துபவர் கிளைம் தீர்த்தவரா அல்லது ஆலையை ஆய்வு செய்தவரா என்பனவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால், அந்தத் தொகையை நிலையத்தின் காப்பீட்டு மதிப்பைப் புதிதாகக் கணக்கிடச் செலவிடுமாறு நிர்வாகத்திடம் கேட்டு, அப்பணியில் உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் அது முடிந்தால், புரோக்கருடன் நடக்கும் கூட்டத்திலும் உங்களுக்கு இடம் கிடைக்கும்.