எரிமலை மண்ணில் ஓடியவர்கள் வாங்க, அனுபவம் சொல்லுங்க

செம்மண்_ஓட்டம், சுங்காய்:

நம் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டப் பாதை என்றால் செம்பனைத் தோட்டத்து மண்சாலைதான். பெரட்டு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ட்ராக்டர்கள் வெளியே வருவதற்குள் ஓடி முடித்து, கடைத்தெருவில் பசியாறிவிட்டு வீடு போய்ச் சேர்கிற ஆட்கள் நாம். இப்போது இரண்டு மூன்று பேருக்கு ஆசை வந்துவிட்டது: ஒரு தடவையாவது எரிமலை மண்ணில் ஓட வேண்டுமாம். எனக்கும்தான்.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி, "எதுக்குண்ணே கடல் தாண்டணும்? சுங்கை கிளா சுடுதண்ணி நம்ம பக்கத்துலதானே கொதிக்குது, அதுவும் எரிமலைதானே" என்றான். முட்டை வேகிற சூடும் ஆவியும் இருப்பதால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. மழைத்தண்ணீர் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே பாறைச் சூட்டில் காய்ந்து, வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. சுங்கை கிளா, உலு சிலிம் எல்லாம் இந்த வகை. அங்கே நாலு சுற்று ஓடிவிட்டு எரிமலைக்குப் பழகிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

நிஜ எரிமலையில் ஓடியவர்கள், நடந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். படம் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. காலுக்கு என்ன ஆனது, மூச்சுக்கு என்ன ஆனது, அதைச் சொல்லுங்கள்.

மட்டைவெட்டி, பீடோர்:

அண்ணே, முதல் தடவை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிபாயாக் போங்கள். வடக்கு சுமத்ராவில் பெரஸ்தாகி ஊருக்குப் பக்கத்தில். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து மலைச்சாலையில் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவதுதான் உண்மையான பயணம். மலை உயரம் 2,200 மீட்டரை ஒட்டி வரும். ஏற்றத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை. அப்புறம்தான் கல்லும் படிகளும். சாலை முடிகிற இடம் வரைக்கும் நம் கால் தாராளமாக ஓடும். அதற்கு மேலே ஓட்டமெல்லாம் வாய்ப்பேச்சு.

நான் போன அன்று விடிகிற நேரத்துக்கு எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டோம். முதலில் சத்தம்தான். பாறை இடுக்குகளிலிருந்து ஆவி பீய்ச்சி அடிக்கிறது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழவில்லை. கொஞ்சம் நெருங்கிக் குனிந்து பார்த்தேன். இடுக்கைச் சுற்றிக் கந்தகம் மஞ்சள் மஞ்சளாக, ஊசி ஊசியாகப் படிந்திருந்தது. ஓர் ஊசியை நகத்தால் தொட்டதும் பொடிந்து விழுந்தது. மேலே பனிக்காற்றில் காது விறைக்கிறது, கீழே சப்பாத்துக்கு அடியில் கல் சுடுகிறது. என் கையில் வெள்ளிக் காப்பு போட்டிருப்பேன், தெரியும் இல்லையா? இறங்கி வரும்போது பார்த்தால் கறுத்துக் கிடக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியை அப்படித்தான் பிடிக்குமாம். காப்புக்கே அந்தக் கதி என்றால் நுரையீரலை நினைத்துப் பாருங்கள் என்று கூட வந்த வழிகாட்டி சிரித்தார்.

அவர் சொன்ன ஒன்றை மட்டும் எல்லாரும் மனதில் வைக்க வேண்டும். அழுகின முட்டை வாடை வந்தால் அந்த வாயு இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் அது அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "வாடை போயிடுச்சு, வாங்க உட்காரலாம்" என்று பள்ளமான இடத்தில் உட்கார்ந்தால் தீர்ந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே நிற்க வேண்டும். தலை வலித்தால், கண் எரிந்தால் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். கரியமில வாயு இன்னும் மோசம், அதற்கு வாடையே கிடையாது, காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். ஜாவாவில் டியேங் மேட்டுநிலத்தில் 1979இல் ஒரு விடியற்காலையில் அது வெளியேறி நூற்றுக்கும் மேற்பட்ட கிராமத்து மக்கள் இறந்துபோனார்கள்.

இறங்குவதற்கு மூங்கில் காட்டு வழி ஒன்று உண்டு. வழுக்கல் மண். அங்கேதான் நம் ஆட்கள் மானத்தைக் காப்பாற்றுவார்கள். மழையில் நனைந்த தோட்டத்துச் சாலையில் ஓடிப் பழகின காலுக்கு அது ஒன்றும் புதிதில்லை. அடிவாரத்தில் புவிவெப்ப மின்நிலையத்துக் குழாய்கள் தெரியும். அதைத் தாண்டினால் சிடெபுக்-டெபுக் வெந்நீர்க் குளங்கள். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் இல்லைதான். திரும்பும்போது மேடானில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள். 1884இல் கட்டியது. டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன நம் சனங்களின் கோயில். அந்தப் புகையிலை உலகப் பேர் வாங்கினதில் எரிமலை மண்ணுக்கும் பங்குண்டு.

ஓட்டைச்சப்பாத்து, தாப்பா:

மட்டைவெட்டி எழுதியது சரி. நான் ரிஞ்சானியும் கிழக்கு ஜாவாவில் புரோமோவும் போனவன். சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு எழுத வராது.

லொம்போக் தீவில் ரிஞ்சானி 3,726 மீட்டர். கடைசி ஆயிரம் மீட்டர் ஏற்றம் முழுக்கச் சாம்பலும் உதிரிக் கல்லும். இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கிக் கீழே வரும். நேரம் பார்த்து ஓடுகிறவனுக்கு அங்கே பைத்தியம் பிடிக்கும். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். இறக்கம் மட்டும் சுகம்: குதிகாலை அழுத்தி வைத்தால் மணலே இழுத்துக்கொண்டு போகும். சப்பாத்தின் அடிப்பாகத்தைத்தான் அந்தக் கல் அரத்தால் ராவினதுபோல் தேய்த்துவிட்டது. புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள், தேய்ந்து கிழிந்ததோடும் போகாதீர்கள். கணுக்காலை மூடுகிற கெய்ட்டர் துணி கட்டாயம். இல்லையென்றால் நூறு மீட்டருக்கு ஒரு தடவை உட்கார்ந்து கல் தட்ட வேண்டும்.

தண்ணீர்: நம் காட்டில் எங்கே பார்த்தாலும் ஓடை. எரிமலைச் சரிவில் மழை பெய்ததும் மண் குடித்துவிடும், மேலே சொட்டு நிற்காது. முழுத் தண்ணீரும் முதுகில்தான்.

புரோமோ மணல்வெளி பார்க்கச் சமதளம், ஓட அருமை என்று நினைப்பீர்கள். காற்று அடித்தால் பல்லில் மணல் கடிபடும். ஜூலை, ஆகஸ்டில் இரவில் உறைபனிகூடப் படியும். தாப்பாக்காரன் கேமரன் மலைக் குளிர் பார்த்தவன் என்று தெனாவட்டாகப் போகாதீர்கள்.

காண்டாவாளி_பேரன், சிலிம் ரிவர்:

நான் ஓடுகிற வயதைத் தாண்டியவன். மகன் கூட்டிக்கொண்டு போனதால் கிழக்கு ஜாவாவில் ஈஜென் பார்த்தேன். நடந்துதான்.

அங்கே கந்தகம் வெட்டுகிற தொழிலாளிகள் இரண்டு மூங்கில் கூடைகளை ஒரு கம்பில் கோர்த்து எழுபது, எண்பது, சமயத்தில் தொண்ணூறு கிலோ தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குள்ளிருந்து ஏறி வருகிறார்கள். எங்கள் தாத்தா காண்டாவில், அதாவது தோள்கம்பில் வாளி மாட்டி, ரப்பர் பால் தூக்கினவர். சாகும்வரை அவர் வலது தோளில் ஒரு முண்டு இருந்தது. சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஆளின் சட்டை விலகினபோது அதே இடத்தில் அதே முண்டு. எனக்கு அதற்கப்புறம் கந்தகம் எரிகிற நீல நெருப்பு, பள்ளத்து ஏரி எதுவும் சரியாகக் கண்ணில் படவில்லை.

தம்பிமார்களே, அந்தப் பாதையில் ஓட்டப் பந்தயக்காரர்கள் சிலர் "பெர்மிசி, பெர்மிசி" (வழிவிடுங்கள்) என்று கத்திக்கொண்டு பாய்ந்து வருவதைப் பார்த்தேன். பாரம் தூக்கி வருகிறவன் ஒதுங்க, கை வீசி வருகிறவன் பாய்வதா? நின்று வழிவிட்டால் உங்கள் நேரம் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. என்னைக் கேட்டால் ஈஜென் பள்ளத்துக்குள் ஓடவே கூடாது. ஏரித் தண்ணீர் கடுமையான அமிலம், பிஎச் ஒன்றுக்கும் கீழே. காற்று திரும்பினால் கந்தகப் புகை மூஞ்சியில் அறைகிறது. ஈரத்துண்டு அதற்குப் போதாது, வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். போட்டுப் பார்த்து, இறுக்கமாக உட்காருகிறதா என்று சோதித்து வாங்குங்கள்.

மலர்_டீச்சர், தஞ்சோங் மாலிம்:

எல்லாரும் இந்தோனேசியா பக்கமே நிற்கிறீர்கள். என் மகள் நியூசிலாந்தில் இருப்பதால் நான் ரோட்டோருவாவில் ஓடியிருக்கிறேன். தராவெரா அல்ட்ரா அங்கேதான் நடக்கிறது, பெரிய தூரம் 102 கிலோமீட்டர், அதற்கு மேலும் உண்டு. நான் ஓடினது சின்னத் தூரம், சிரிக்காதீர்கள்.

தராவெரா மலை 1886 ஜூன் 10 அன்று வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், உலகமே வந்து பார்த்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகளும் போயின. இன்றைக்கு அந்த ஊரில் காட்டு வழியும் ஏரிக்கரையுமாக ஓடலாம். நடுவில் வேலிக்குள் சேறு கொப்புளம் விட்டுக்கொண்டிருக்கும். பூங்காவிலேயே ஆவி வரும். வேலியைத் தாண்டாதே என்று எழுதியிருந்தால் நம் ஊர்ப் பழக்கத்தில் தாண்டிப் பார்க்கத் தோன்றும். தாண்டாதீர்கள். மேல் ஓடு மெல்லிசு. பார்க்கத் தரைபோல இருக்கும், கீழே கொதிதண்ணீர்.

குளிப்பதிலும் ஒன்று கவனியுங்கள். இயற்கை வெந்நீர்க் குளத்தில் தலையை முக்கக் கூடாது என்று அங்கே பலகை வைத்திருப்பார்கள். மூக்கு வழியாக மூளைக்கு ஏறுகிற ஓர் அமீபா இருக்கிறது. வருவது அபூர்வம், வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம்.

செம்மண் தம்பிக்கு ஒரு திருத்தம். எரிமலைதான் நம்மிடம் இல்லை, எரிமலைச் சாம்பல் உண்டு. நம் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானில், ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது வந்து விழுந்த சாம்பல் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. கல்லாயுதம் செய்த இடமும் அங்கேயே. 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துப் போனால் சாம்பலைவிட பஸ்ஸில் பாடுவதுதான் அவர்களுக்கு நினைவிருக்கும், அது வேறு கதை.

கிராணி_மகன், சுங்காய்:

எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு சுமத்ராவில் மராப்பி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தபோது மேலே எழுபத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். அப்போது அந்த மலை இரண்டாம் நிலை எச்சரிக்கையில் இருந்தது. பள்ளத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்பது எரிமலைத் துறையின் பரிந்துரை. ஆனாலும் ஏறுவதற்குப் பதிவு நடந்துகொண்டுதான் இருந்தது. பதிவுச் சீட்டு கையில் இருந்தால் மலை சாந்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இந்தோனேசியாவில் எச்சரிக்கை கீழிருந்து மேலாக நாலு நிலை: நோர்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். கிளம்புவதற்கு முந்தின நாளும், அன்று காலையிலும் பாருங்கள். வஸ்படா என்று இருந்தால் நான் போகமாட்டேன். பந்தயக் கட்டணம் கட்டியாச்சே என்று பார்க்கமாட்டேன். சினாபுங் நானூறு வருடம் தூங்கிக் கிடந்து 2010இல் எழுந்த மலை. சிபாயாக்கிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எதிரே நிற்கும்.

மட்டைவெட்டி, பீடோர்:

கிராணி அண்ணே, நீங்க சொல்றபடி பார்த்தால் பாதி மலைக்குப் போகவே முடியாதே. புரோமோ வருடக்கணக்காக வஸ்படாவில்தான் நின்றது. விலக்கு வட்டத்துக்கு வெளியே நின்றால் போதும் என்பது என் கட்சி.

கிராணி_மகன், சுங்காய்:

வட்டத்துக்கு வெளியே நிற்கிற ஆளா நீ? கந்தகத்தை நகத்தால் தொட்டேன் என்று நீதானே மேலே எழுதியிருக்கிறாய்.

செம்மண்_ஓட்டம், சுங்காய்:

சண்டை வேண்டாம். சிபாயாக் என்று முடிவு செய்தாச்சு. டீச்சர், சாம்பல் செய்திக்கு நன்றி, லெங்கோங்குக்கு ஒரு ஞாயிறு ஒதுக்குவோம். தீபாவளி லீவில் போகலாமா என்று கேட்கிறார்கள், என்ன சொல்கிறீர்கள்?

மட்டைவெட்டி, பீடோர்:

வேண்டாம்ணே. அக்டோபர், நவம்பரில் அந்தப் பக்கம் நல்ல மழை. மூங்கில் வழி ஓடையாகிவிடும், மேலே மூடுபனியில் பள்ளத்து விளிம்பே தெரியாது. ஜூன், ஜூலை பாருங்கள். வழிகாட்டியைப் பெரஸ்தாகியிலேயே பிடித்துக்கொள்ளலாம், ஆனால் காசைப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். சப்பாத்து ஈரத்தோடு திரும்பினால் விமானத்தில் பெட்டிக்குள் போடாதீர்கள், கந்தக வாடை துணிக்கெல்லாம் ஏறிவிடும். தனியாக ஒரு ப்ளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள்.