மறு: "சமூகம்சார் இனவரைவியல்" – வெள்ளிக்குள் மாற்றுச்சொல் தேவை

க: நண்பர்களே, குடியிருப்பவர்களே தங்கள் தெரு வாழ்க்கையைக் கவனித்து எழுதப் பழக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இனவரைவியல் என்பது மக்களோடு இருந்து அவர்கள் வாழ்க்கையைக் கவனித்து எழுதும் ஆய்வுமுறை, ஆங்கிலத்தில் ethnography. அதனால் "சமூகம்சார் இனவரைவியல்" என்று தலைப்பிட்டேன். படித்துப் பார்த்த ஓர் அம்மா முதல் பக்கத்திலேயே நிறுத்தி, "எந்தச் சமூகம்? என்ன இனம்? சாதிக் கணக்கா எடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

செ: சமூகம் வடசொல். குமுகம் என்று போடுங்கள்.

க: சாதிச் சந்தேகம் போய், அச்சுப்பிழையோ என்ற சந்தேகம் வரும்.

ந: இனத்தை விடுங்கள், வரைவைப் பாருங்கள். அகப்பாடல்களில் வரைவு என்றால் திருமணம். தோழி வரைவு கடாவினால், சீக்கிரம் மணந்துகொள் என்று தலைவனை நெருக்குகிறாள். திருக்குறளின் 92ஆம் அதிகாரத்தில் வரைவின் மகளிர், அதாவது மணவரம்பு இல்லாத பொதுமகளிர், வருகிறார்கள். இனவரைவு என்பது சொந்தத்தில் பெண் எடுப்பது போல இருக்கிறது! தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும், அதாவது நிலமும் அதன் வாழ்வும் சேர்ந்த பகுப்புக்கும், உரிய கருப்பொருளாக தெய்வம், உணா (உணவு), மா (விலங்கு), மரம், புள் (பறவை), பறை, செய்தி, யாழ் என்று அடுக்குகிறாரே, அப்படியே கள ஆய்வாளரின் நோட்டுப்புத்தகம். செய்தி அங்கே தொழில். எனவே "திணைப்பதிவு".

இ: ஐயா, அழகுதான். ஆனால் திணை சொல்வது ஒரு நிலத்துக்கு எது வழக்கம் என்று. இவர்கள் எழுதப்போவது போன செவ்வாய் தண்ணீர்க் குழாயடியில் யார் யாரோடு பேசவில்லை என்பதை. இங்கே புதுமை எழுதுகிறவர் யார் என்பதில். வழக்கமான ஆய்வில் உள்ளூர்க்காரர் வெறும் தகவலாளி. 1937இல் பிரிட்டனில் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற அன்றாட வாழ்க்கைப் பதிவுத் திட்டத்தில் தன்னார்வலர்களே எழுதினார்கள். அந்த மே 12, ஆறாம் ஜார்ஜ் முடிசூடிய நாளில், தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்பினார்கள். அந்த "தாங்களே" சொல்லில் வரவேண்டும். "ஊரார் வாழ்வுப்பதிவு"?

செ: ஊரார் என்றால் மற்றவர்கள். ஊரார் பேச்சு என்கிறோமே. நம்மவர் என்று வையுங்கள்.

க: "நம்மவர்" என்றால் அந்த அம்மா மறுபடி சாதி கேட்பார்.

இ: அப்போ குடியிருப்போர்.

செ: நலச்சங்க நோட்டீஸ் மாதிரி.

க: சரி, மணி பதினொன்று. அட்டையில் "குடியிருப்போர் வாழ்வுப்பதிவு". உள்ளே ஒரே ஒரு இடத்தில், நூலகத்தில் தேடுவோருக்காக, இனவரைவியல். மூவர் சரி என்றீர்கள். அம்மாவும் தொலைபேசியில் "புரிகிறது, ஆனால் யார் படிக்கப்போகிறார்கள் என்று போடவில்லையே" என்றார். அதைத் தனியாகப் பேசுவோம்.

ந: என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு என்றாலும் பதிவுத் திருமணம் உண்டு.